குடிக்காத வெறி

மூட்டையைத் தோளில் ஏற்றியதும் லொறிக்குப் போட்டிருந்த பலகை இரண்டாகத் தெரிந்தது. எதில் கால் வைப்பது என்று சின்னராசா யோசித்து முடிப்பதற்குள் நெல்லும் அவனும் கீழே கிடந்தார்கள்.

எல்லாம் அந்த வெள்ளைக் குளிசையால். முதுகுச் சதை பிடித்து நிமிர முடியாமல் போனபோது டொக்டர் கொடுத்தது. "இது மூளையிலயும் நரம்பிலயும் வேலை செய்துதான் சதையை இளக்கும். நித்திரை தூக்கும், கால் தள்ளாடும். இரவில ஒண்டு மட்டும் போடுங்கோ. குடியோட சேந்தா மூச்சே நிண்டுபோகும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூட்டை பகலில்தானே தூக்குகிறோம் என்று சின்னராசா காலையிலேயே போட்டான், அதுவும் இரண்டாக.

வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துக் கிடக்கவும் வழியில்லை. புளியங்குளத்து நெல் ஆலைக்கு மூட்டை ஏற்றும் மெசின் வந்து இறங்கியிருந்தது. முதுகு ஏலாதவனைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கதை.

"என்னண்ணை, முதுகோ?" கூடத் தூக்கும் பிரதாபன் ஓடிவந்தான்.

"ஆற்ற முதுகு? இரும்படா இது!"

எழும்பப் பார்த்தான். கால் இரண்டும் ஊறின கயிறாகக் கிடந்தன. முதலாளி முத்துலிங்கம் வேறு வந்துகொண்டிருந்தார். குடித்துவிட்டு வரும் வெறிகாரனை ஏசிவிட்டு மறுநாள் வேலைக்கு எடுப்பார்கள். முதுகு போனவனை எடுக்கமாட்டார்கள்.

"வெறி, முதலாளி. காலமை கொஞ்சம் கூடிப்போச்சு."

"ஒரு சொட்டும் தொடாத ஆளெல்லோ நீர்?" முதலாளி குனிந்து மோந்தார். "மணக்கேல்லையே!"

"விலை கூடின சாமான். மணக்காது."

நாக்கும் இளகிக் குழறியதால் அது நம்பும்படி இருந்தது.

முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பிரதாபன் மடியிலிருந்த கால்போத்தலை எடுத்தான். "இவ்வளவு காலமும் எங்களுக்கு ஒளிச்சோ குடிச்சனீங்கள்? இந்தாங்கோ, இதையும் ஊத்துங்கோ!"

"ஐயோ, கொண்டு போடா அங்கால!"

வெறிகாரன் சாராயத்தைத் தள்ளி அந்த ஆலை கண்டதில்லை. எல்லாரும் ஒருமாதிரிப் பார்த்தார்கள். சின்னராசா விழுந்து கிடந்த மூட்டையில் ஓங்கி அடித்தான். "அம்மாளாணை, இண்டையோட குடியை விட்டன்!"

கைதட்டல் தகரக் கூரையில் எதிரொலித்தது. முதலாளி திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கந்தோருக்குள் போனார்.

வென்றாயிற்று. சின்னராசா கிடந்த கிடையிலேயே மெசினைப் பார்த்து விரலை நீட்டினான். "வா, பாப்பம்! ஆர் முதல் விழுறதெண்டு!"

கந்தோரில் கணக்கு எழுதும் சுதாஜினி தேத்தண்ணியோடு வந்தாள். அவள் முகம் சரியில்லை.

"என்ன பிள்ளை, என்னை நிப்பாட்டச் சொல்லிப்போட்டாரோ?"

"இல்லையண்ணை, நீங்கள் எவ்வளவு காலமும் மூட்டை தூக்கலாமாம். முதுகு ஏலாத மனுசன் பாவமெண்டு, கதிரையில இருந்து மெசினின்ர சுவிச்சை அமத்துற வேலைக்கு உங்களைத்தான் நினைச்சு வைச்சிருந்தவர். இனி வெறிகாரனை அதுக்குக் கிட்டவும் விடேலாதாம்."