மாத்திரை தொடாத மனுஷன்

"இப்பல்லாம் ஒருத்தனுக்குத் தும்மல் வந்தா மூக்கைத் தொடைக்கறதில்ல. மெடிக்கலுக்கு ஓடறான். கடலை வாங்கற மாதிரி நாலு மாத்திரை வாங்கி வாயில போட்டுக்கறான். கேட்டா, சீக்கிரம் வேலைக்குப் போவோணுமாம். போயி என்னத்தக் கிழிக்கறான்?"

சின்னுசாமி இதைச் சொன்ன இடம் நாமக்கல்லில் டாக்டர் சௌமியாவின் அறை. அவருடைய வலதுகால் பெருவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, ஸ்டூலின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மனைவி ராமாயி.

"ஊரைப் பத்திக் கேக்கலீங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"நானா? பொறந்ததுல இருந்து மாத்திரைய நாக்குல வெச்சதில்லீங் அம்மிணி. காச்சல் வந்தா போர்வையப் போர்த்திட்டுப் படுப்பேன். தானாப் போயிரும். ஏ ராமாயி, சொல்லு."

"ஆமாங்க" என்றாள் ராமாயி, தரையைப் பார்த்துக்கொண்டு.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை உண்டு. கூண்டில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி விரலில் ஏறிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினார். வீங்கியது. வீக்கம் இறங்கட்டும் என்று செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தார். தோல் வெந்து சீழ் வைத்தது. ராமாயி அழுத அழுகை தாங்காமல்தான் டவுனுக்கு பஸ் ஏறினார்.

டாக்டர் மாத்திரை எழுதினார். சின்னுசாமி சீட்டைத் திருப்பித் தள்ளினார்.

"விரல் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார் டாக்டர்.

வேண்டும்தான். பெருவிரல் போனால் செருப்பு காலில் நிற்காது. செருப்பில்லாமல் கோழி எச்சத்தில் நடக்க முடியாது. நடக்காமல் பண்ணையைப் பார்க்க முடியாது. ஆள் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் சின்னுசாமி நம்புகிற ஆள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

எனவே முழுங்கினார். பக்கத்துத் தோட்டக்காரர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு முழுங்கினார். சொன்ன வேளைக்கு, சொன்ன நாள்வரைக்கும் முழுங்கினார். விரல் இன்னும் வீங்கியது.

"பாத்தீங்ளா அம்மிணி? இதுக்குத்தான் நானு தொடறதில்ல" என்றார் அடுத்த தடவை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் முகத்தில் ஒரு சந்தோஷம்.

டாக்டர் சீழை எடுத்து லேப்புக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"உங்க கிருமிக்கு சாதாரண மாத்திரை எதுவுமே கேக்காது. எல்லாம் பழகிப்போச்சு. டாக்டரைக் கேக்காம மெடிக்கல்ல வாங்கி, ரெண்டு வேளை போட்டு, சரியானதும் நிறுத்தி, மறுபடி வாங்கிப் போட்டா இப்படித்தான் ஆகும்."

"யாரு போட்டது?"

"நீங்கதாங்க."

"கள்ளுக்கடைப் பக்கமே போகாதவனைப் புடிச்சு வாயை ஊதுங்கறீங்க" என்றார் சின்னுசாமி. "அம்மிணி, இது என்ற சீழே இல்ல. லேப்ல எவன் சீழையோ என்ற பேர்ல ஒட்டிப்போட்டான்."

இனி அந்த லேப் வேண்டாம் என்று சேலத்துக்குப் போய் வேறு லேப்பில் கொடுத்தார். சீழ் எடுத்த சீசாவின் கழுத்தில் ராமாயியின் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். அப்படியும் நம்பிக்கை வராமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்.

"அய்யா, இதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். ஊட்டுக்குப் போங்க" என்றார் அங்கிருந்த காவலாளி.

"போனா மாத்தீருவீங்க."

"உங்க சீழை வெச்சு நாங்க என்னங்க பண்ணப்போறோம்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

இரண்டு நாள் அலைந்ததும் உட்கார்ந்ததும் விரலுக்கு நன்றாக வேலை செய்தது. நுனி கறுத்துவிட்டது. ரிப்போர்ட்டில் மட்டும் மாற்றமில்லை. முதல் லேப் சொன்னதையே இந்த லேப்பும் சொன்னது.

"ரெண்டு பேரும் கூட்டு" என்றார் சின்னுசாமி, நாமக்கல்லுக்குத் திரும்பி வந்து டாக்டரிடம்.

டாக்டர் சௌமியா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இன்னும் ஒரே ஒரு ஊசி மருந்துதான் மிச்சம். ஆஸ்பத்திரியில படுத்துப் போட்டுக்கணும். இன்னைக்கே படுத்தா விரல் தப்பிக்கும். நாளைக்கு வந்தா நான் விரலை எடுக்கத்தான் வேணும்."

"படுத்தா என்ன அர்த்தமுங்க? நானு மாத்திரை தின்னவன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்ல? எங்கூர்ல இருக்கறது ஒரே மெடிக்கல். மஞ்சுளாதான் நடத்தறா. அவளைக் கேட்டுட்டு வாரேன். உங்க சீட்டுக்கு முன்னால இந்த வயித்துக்குள்ள மாத்திரை போயிருக்குதுன்னு யாராச்சும் சொல்லட்டும், அடுத்த பஸ்ல வந்து படுத்துக்கறேன். சொல்லலீன்னா நீங்களும் அந்த லேப்பும் கூட்டுன்னு நானு சொல்லுவேன்."

"அதெல்லாம் எதுக்குங்க? இங்கயே படுத்துக்குங்க. மெடிக்கலுக்கு வேண்டாமுங்க" என்றாள் ராமாயி.

"நீ சும்மா இரு புள்ள. மானம் போற விசயம்."

மெடிக்கல் பஸ் நிறுத்தத்திலேயே இருந்தது. ராமாயியைக் கண்டதும் மஞ்சுளா சிரித்தாள். பின்னால் நொண்டிக்கொண்டு வந்த சின்னுசாமியைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏம்மா மஞ்சுளா, உன்ற கடையில நானு ஒரு மாத்திரையாச்சும் வாங்கியிருக்கறனா? நெசத்தைச் சொல்லு."

"இல்லீங் மாமா."

"சத்தமாச் சொல்லு."

"இல்லீங் மாமா. நீங்க இந்தப் படி ஏறுனதே இன்னைக்குத்தானுங்க."

சின்னுசாமி பஸ்ஸுக்கு நின்றவர்கள் பக்கம் திரும்பினார். உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படித் திரும்பியிருக்க மாட்டார்.

"கேட்டுக்கிட்டீங்ளா? நானு வாங்குனதில்ல. கேட்டதில்ல. இந்த விரலு வீங்கறவரைக்கும் கையில தொட்டதில்ல. அப்பறம் எனக்கே தெரியாம என்ற வயித்துக்குள்ள மாத்திரை எப்படிப் போகும்? எவனாச்சும் சொல்லுங்க பாக்கலாம்."

மஞ்சுளா ராமாயியைப் பார்த்தாள். ராமாயி அந்த விரலைப் பார்த்தாள். கறுப்பு, காலையில் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. எதிர்ப்பக்கம் நாமக்கல் போகும் பஸ் வந்து நின்றது.

"ஏனுங்க" என்றாள் ராமாயி மெதுவாக. "நம்ம பண்ணையில தண்ணித் தொட்டியில மருந்து ஊத்தறப்ப, கோழிகிட்டச் சொல்லிப்போட்டா ஊத்தறீங்க? நானும் அப்படித்தானுங்க, ஒவ்வொரு காச்சலுக்கும் ரசத்துல."

சின்னுசாமி நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"பொய்யி. போட்டிருந்தா கசந்திருக்கும்" என்றார்.

சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை. விரலை ஊன்றாமல் குதிகாலால் நாமக்கல் பஸ்ஸை நோக்கி நடந்தார். "லேப்காரன் இவளையுமல்லோ சேத்துக்கிட்டான்" என்று போகிற வழியெல்லாம் முனகிக்கொண்டே போனார்.