வில்லனைக் கொல்லாத ரிவால்வர்

தொழில் தெரிந்தவனை நம்பலாம். தொழிலோடு, மயிரிழையையும் அளக்கும் புது மைக்ரோமீட்டரும் கையில் வைத்திருப்பவனை நம்பவே கூடாது. எண்பதுகளின் கடைசியில் நான் இரண்டாவது ரகம்.

அம்பத்தூரில் ஒரு சின்ன பட்டறையில் ஃபிட்டர் வேலை. வீடு ஆவடி குவார்ட்டர்ஸ். எங்கள் பொங்கல் நாடகத்தில் வில்லன், பக்கத்து பிளாக் சிதம்பரம் சார். அவர் மகள் கலாவை எனக்குப் பெண் கேட்டு அப்பா போயிருந்தார். "பொங்கல் கழியட்டும், பையன் எப்படின்னு பார்த்துச் சொல்றேன்" என்றாராம் சார். (பார்க்கட்டுமே! காட்டத்தானே காத்திருந்தேன்.)

நாடகக் குழுவிடம் கருமருந்து காலத்து ரிவால்வர் ஒன்று இருந்தது. குழலை எப்போதோ ஈயம் ஊற்றி அடைத்துவிட்டார்கள். சுத்தியல் விழும் இடத்தில் தீபாவளிப் பொட்டு வெடியை ஒட்டினால் சத்தம் மட்டும் வரும். ஆனால் சுழன்று அடுத்த வெடியைச் சுத்தியலுக்கு நேரே கொண்டுவரும் உருளை தேய்ந்துபோய் லொடலொடவென்று ஆடியது.

"இன்னா மச்சான், கிலுகிலுப்பை மாதிரி கீது. கொஞ்சம் டைட் பண்ணு" என்று நீட்டினான் கதாநாயகன் முனுசாமி, அண்ணனூர்க்காரன்.

கொஞ்சமா? உருளை சுழலும் அச்சைச் சுற்றிப் புது புஷ் வளையம், பின்னால் பித்தளை வாஷர் என்று நான்கு நாள் அராவினேன். இடைவெளியில் சிகரெட் தாள்கூட நுழையாது. சிதம்பரம் சார் உருளையைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை தம்பி" என்றார். எனக்கு அப்போதே கல்யாணம் ஆகிவிட்டது.

கடைசிக் காட்சி. வில்லனை எச்சரிக்க முதல் வெடி மேலே, கைதட்டல். அடுத்தது வில்லனுக்கு. உருளை அசையவில்லை. வெடித்த காகிதத் துணுக்கும் கரியும் என் சிகரெட் தாள் இடைவெளியில் சிக்கிக்கொண்டன. பழைய லொடலொட ஆட்டத்தில் அவை தானாக உதிர்ந்திருக்கும். மேடையோரத்தில் நின்ற நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

முனுசாமி ரிவால்வரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி உருளையைத் திருகினான். சார் நெஞ்சை நிமிர்த்தியபடி காத்திருந்தார்.

"சுடுடா" என்று முணுமுணுத்தார். மைக் அதை எல்லோருக்கும் சொன்னது.

"சுத்த மாட்டேங்குது சார்!"

வேறு வழியில்லாமல் சார், "ஐயோ, நெஞ்சு!" என்று தானே விழுந்து செத்தார். பிரமாதமான நடிப்பு. முன்வரிசையில் இருந்த அவர் மனைவிதான் நம்பிவிட்டார்.

"காலையில பிரஷர் மாத்திரை போடலையே!" என்று அலறிக்கொண்டு மேடை ஏறினார்.

"நடிக்கிறேன் சரோஜா, கீழ இறங்கு" என்றது பிணம். அந்த அம்மா நம்பாமல் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். திரை விழுந்தது.

சம்பந்தம் போயிற்று என்று முடிவு கட்டி, மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். சார் சிரித்துவிட்டார். "என்னைக் கொல்ல முடியாத பையன், என் பொண்ணை என்ன பண்ணிடப் போறான்? குடுக்கலாம் சரோஜா."

சரோஜா அத்தை சம்மதித்தார், ஆனால் மறக்கவில்லை. வீட்டில் எது ஆடினாலும், "ஆடிட்டுப் போகட்டும், மாப்பிள்ளை கண்ல படாம உள்ள வை கலா" என்பார். இப்போது என் மகளும் அதையே சொல்கிறாள். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். என் வீட்டுக் குக்கர் கைப்பிடியைத் தெருமுனைக் கடைக்காரர்தான் இறுக்கித் தருகிறார்.