நாற்பது விநாடி ரசிகர்கள்

பாட்டுக் கேட்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அது பெரிய கூட்டம்; டிராக்டரிலும் டீக்கடையிலும் சமையற்கட்டிலும் இருக்கும்; அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. பாட்டுக் கேட்கிற சாமானைக் கேட்கிறவர்கள் என்று இன்னோர் இனம் கொஞ்ச காலமாகப் பெருகிக்கொண்டு வருகிறது. ஆளைப் பார்த்தால் தெரியாது. சட்டைப் பையைப் பார்க்க வேண்டும். மாத்திரை டப்பா போல ஒன்று இருக்கும். திறந்தால் மாத்திரை இருக்காது. இயர்போன் நுனியில் மாட்டுகிற குட்டிக் குல்லாய்கள் இருக்கும். சின்னது, நடுத்தரம், பெரிது, இரட்டை அடுக்கு, பஞ்சு, காதுச் சூட்டில் இளகிக் கொடுக்கிற பஞ்சு. அவற்றை நீங்கள் ரப்பர் என்று சொல்லிவிடாதீர்கள். 'டிப்ஸ்' என்று சொல்ல வேண்டும். ரப்பர் என்று வாய்தவறிச் சொன்ன மச்சானோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உண்டு.

களமருதூர் சுபாஷ் அப்படிப் பேசாதிருந்தவன்தான். உளுந்தூர்பேட்டையில் ஒரு விதை, உரக் கடையில் வேலை. ஊரில் மூன்று ஏக்கர். மணிமொழி என்று ஒரு மனைவி. இந்தப் போகம் என்ன நெல் போட்டிருக்கிறாய் என்று கேட்டால் விதைக் கடையில் நிற்கிற சுபாஷ் கொஞ்சம் யோசிப்பான். எந்தக் காதுக்கு எந்த அளவு டிப்ஸ் என்று கேளுங்கள், யோசிக்கவே மாட்டான். வலதுக்கு நடுத்தரம், இடதுக்குப் பெரிது. மனுசனுக்கு இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்பது அவன் வாழ்க்கையில் கண்டறிந்த பெரிய உண்மை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் பலர் பாயசம் வருவதற்குள் அந்த உண்மையைத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த இனம் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் கூடும். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற அத்தனை லாரியும் ஹாரனை ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் தாண்டும் இடம் அது. அங்கே உட்கார்ந்துதான் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற நிசப்தம் எத்தனை கறுப்பு என்று விவாதிப்பார்கள். சுபாஷைத் தவிர முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் அய்யனார், செல்போன் உதிரிச் சாமான் கடைக்காரர். மற்றவர் வேடியப்பன், கல்வராயன் மலை அடிவாரத்துக்காரர், போர் போடுகிற லாரி வைத்திருக்கிறார். இருபது வருஷம் அந்த லாரிப் பக்கத்திலேயே நின்றதில் வேடியப்பனுக்கு ஒரு காது பாதி போய்விட்டது. மிக மெல்லிய ஒலிகளைப் பற்றிக் கடைசித் தீர்ப்பு அவருடையதுதான்.

"இந்த டிப்ஸ் போட்டா பாஸ் ஜாஸ்தி ஆவுது, வாய்ஸ் கம்மியாவுது" என்பார் அய்யனார்.

"கேபிள மாத்திப் பாத்தியா?" என்பார் வேடியப்பன்.

"மாத்தனேன். மேல கொஞ்சம் தொறந்துக்கிச்சி."

"தொறந்துக்கிச்சா, கூவுதா?"

"தொறந்துக்கிச்சி. கூவறது வேற."

எது திறந்துகொண்டது, எங்கே திறந்துகொண்டது என்று டீ ஆற்றுகிறவர் ஒரு நாள் கேட்டுவிட்டார். மூன்று பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சரி, இவர்களுக்குப் பிடித்த பாட்டு என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பாட்டானாலும் முதல் நாற்பது விநாடிதான். அதை மட்டும் வெட்டி, எண் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் ஏற்ற வேண்டும்; பிறகு ஆளுக்கொரு டிப்ஸ் மாட்டிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாற்பது விநாடியில் தெரியாதவனுக்கு நாலு நிமிஷத்திலும் தெரியாது என்று அய்யனார் ஒரு நாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், அன்றிலிருந்து சட்டம். ஆகவே சுபாஷுக்கு உயிருக்கு உயிரான நூற்றுப் பன்னிரண்டு பாட்டில் ஒன்றாவது எப்படி முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது. பாதிப் பாட்டுகளில் பாடுகிறவர் இன்னும் வாயையே திறக்கவில்லை. போன தை மாதம் அமைதியான இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று மூவரும் மலைக்குப் போனார்கள். ஓர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதை இறுக அடைத்துக்கொண்டு, நாற்பது நாற்பது விநாடியாக மாலை வரைக்கும் கேட்டார்கள். அருவி இரைச்சல் கொஞ்சம்கூட உள்ளே வரவில்லை என்று மகிழ்ச்சியோடு இறங்கி வந்தார்கள்.

இப்படிப்பட்டவனிடம்தான் மணிமொழி ஒரு கேள்வி கேட்டாள்.

எலவனாசூர்கோட்டையில் கச்சேரிக் குழு நடத்துகிற கோகிலவாணி, ஒரு வளைகாப்பில் மணிமொழி பாடியதைக் கேட்டுவிட்டு, களமருதூர் தீமிதித் திருவிழா மேடையில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொன்னால் நோட்டீஸில் பேர் வரும். மணிமொழிக்கு ஆசை இருந்தது, அதைவிடப் பயம் இருந்தது. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூட மேடையில் பாட ஏறி, இரண்டாவது வரியில் குரல் பிசிறி, முன்வரிசை சிரிக்க, பாதியில் இறங்கியவள். அதற்குப் பிறகு மேடை ஏறியதில்லை. இருபது வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது.

"ஒரே ஒரு வார்த்த சொன்னா போதுங்க. பாடலாமா, வேணாமா? ஊரே உங்ககிட்டதான் சவுண்டு பத்திக் கேக்குது. என் மூஞ்சிக்காகச் சொல்லாதீங்க. நெசமாச் சொல்லுங்க" என்றாள்.

சுபாஷுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் காதை வீட்டில் ஒருவர் மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்பங்கரையில் நிற்கிறாள். அவன் மூன்றடி தள்ளி நிற்கிறான். இப்போதே பாடு என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம்.

"ரெக்கார்டு பண்ணி அனுப்பு. நேர்ல கேட்டா சரியா வராது" என்றான்.

திங்கட்கிழமை அவள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கழனிக்குப் போய்ப் பாடிப் பதிவுசெய்து அனுப்பினாள். அன்று சாயங்காலம் அவன் வழக்கமான டிப்ஸில் முதல் நாற்பது விநாடியைக் கேட்டான், திருப்தி இல்லை. செவ்வாய்க்கிழமை பஞ்சு. புதன்கிழமை இரட்டை அடுக்கு. வியாழக்கிழமை கூரியரில் புதுக் கேபிள் வந்தது. அதைப் போட்டுக் கேட்டான். பிறகு சட்டப்படி நாற்பது விநாடி வெட்டி, நூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டுக் குழுவில் ஏற்றினான். மனைவியின் குரல் என்று சொல்லவில்லை. சொன்னால் தீர்ப்பு சாய்ந்துவிடுமாம். என்ன நேர்மை பாருங்கள்.

"இன்னாங்க, கேட்டீங்களா?" என்று தினம் சோறு போடும்போது மணிமொழி கேட்டாள்.

"கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்று தினம் சொன்னான். அது பொய்யில்லை. முப்பத்தொரு தடவை கேட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "இன்னிக்குச் சொல்லியாவணுங்க. கோகிலா அக்கா ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாங்க."

சுபாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு குழுவின் தீர்ப்பைச் சொன்னான். "பாஸ் அருமையா இருக்குது மணி. அடி வரைக்கும் எறங்குது, ஒதறவே இல்ல. அய்யனாரு இதுக்கு ஒம்போது மார்க்கு போட்டிருக்காரு. ஆனா வாய்ஸ்தான் பின்னாடி போயிருக்குது. இருக்கறதே தெரியல. நாங்க மூணு பேருமே தனித்தனியா அதையேதான் சொல்றோம்."

மணிமொழியின் முகம் செத்துப்போயிற்று. பள்ளிக்கூட முன்வரிசை மறுபடி சிரித்தது. அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் பாதி தூரம் போனாள். பிறகு நின்றாள்.

"பாஸுன்னா இன்னாங்க? நான் ஒருத்திதான பாடனேன்?"

அவன் பொறுமையாக, அவளுக்கும் புரியட்டும் என்று, போன் ஸ்பீக்கரிலேயே அந்த நாற்பது விநாடியைப் போட்டுக் காட்டினான். அவள் பத்து விநாடி கேட்டாள்.

"இது நம்ம மோட்டாருங்க" என்றாள். "செல்போன தொட்டி மேல வெச்சி பட்டன அமுக்கிட்டுதான் மோட்டார நிறுத்தப் போனேன். நிறுத்திட்டு வந்து, கனைச்சிக்கினு, அப்பறம்தான் பாட ஆரம்பிச்சேன். நாலு நாளா நீங்க கேட்டுக்கினு இருந்தது அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? வெட்கப்படலாம். சிரிக்கலாம். மீதிப் பாட்டைப் போடச் சொல்லி அவள் காலடியில் உட்காரலாம். சுபாஷின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப வேடியப்பன் சொன்னது கரெக்டுதான். இந்த பாஸ் எங்கியோ கேட்ட மாதிரியே இருக்குதுன்னாரு. ஆளு காதே காதுதான்" என்று சொல்லி, அதைக் குழுவில் எழுத உட்கார்ந்துவிட்டான்.

அவன் எழுதி முடிப்பதற்குள் மணிமொழி கோகிலவாணிக்குப் போன் போட்டாள். "பேர போட்டுடுங்கக்கா" என்றாள். யாரையும் கேட்டு அல்ல. கோபத்தில் வந்த தைரியம் அது.

திருவிழா அன்று பொழுது சாய்வதற்கு முன்பே கச்சேரி தொடங்கியது. வேப்பமரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கூம்பைப் பார்த்ததும் சுபாஷுக்கு உடம்பு கூசியது. காதைப் பாதுகாக்க வேண்டாமா? டப்பாவைத் திறந்து, பாட்டு எதுவும் போடாத இயர்போனில் பஞ்சு டிப்ஸை மாட்டி, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். மணிமொழி மேடை ஏறியதைப் பார்த்தான். மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தான். இரண்டாவது வரியைத் தாண்டியதும் ஒரு கை இறங்கித் தாளம் போட்டதைப் பார்த்தான். பஜ்ஜி போடுகிற அம்மாள் கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். குழந்தைகளை அதட்டிக்கொண்டிருந்தவர்கள் அதட்டுவதை விட்டார்கள். பாட்டு முடிந்து ஊர் கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரி ரங்கம்மாள் அழுத முகத்தோடு அவன் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். அவன் ஒரு பஞ்சைப் பிடுங்கி, "இன்னாங்க?" என்றான்.

"உம் பொண்டாட்டி இப்படிப் பாடும்னு ஏம்ப்பா இத்தினி நாளா யாருகிட்டயும் சொல்லல?"

அவனுக்குத் தெரிந்தால்தானே சொல்லுவான்.

மறுநாள் காலையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, சுபாஷுக்கு ஒரு பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது. போனில் தேடினான். இல்லை. வியாழக்கிழமை நாற்பது விநாடியை வெட்டி எடுத்த கையோடு, போனில் இடம் போதவில்லை என்று, தரம் கம்மியான பதிவுகளையெல்லாம் அவனே துடைத்திருந்தான்.

மணிமொழியிடம் போனான். "அந்த ரெக்கார்டு உங்கிட்ட இருக்குதா?"

"அழிச்சிட்டேங்க. மேடையிலதான் பாடியாச்சே."

"அப்ப இப்ப ஒரு வாட்டி பாடேன். கேக்கறேன்."

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேர்ல கேட்டா சரியா வராதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் எதையுமே எப்படி இருக்குது என்று கேட்பதில்லை, குழம்பு உட்பட. அவனிடம் மிச்சம் இருப்பது நூற்றுப் பதின்மூன்றாம் எண் ஒன்றுதான். புது டிப்ஸ் எது வந்தாலும் அதைப் போட்டுத்தான் சோதிக்கிறான். முப்பது விநாடி மோட்டார் ஓடும், நிற்கும், வரப்பில் காலடி கேட்கும், கடைசியில் ஒரு சின்னக் கரகரப்பு வரும். அது கேபிள் உரசல் என்று அய்யனார் இன்னும் சாதிக்கிறார். அது ஒருத்தி பாடுவதற்கு முன் கனைத்துக்கொள்வது என்று சுபாஷ் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறான். அதோடு பதிவு முடிந்துவிடுகிறது.

நீங்கள் இந்த இனம் இல்லை. உங்கள் சட்டைப் பையில் டப்பா கிடையாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சந்தேகம். முதல் பத்தியைப் பார்த்துவிட்டு, நடை பரவாயில்லை, கிண்டல் கொஞ்சம் கம்மி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, நேராக இந்தக் கடைசிப் பத்திக்கு வந்திருக்கிறீர்களா? அப்படியானால் மணிமொழி என்று ஒருத்தி பாடினாள் என்பதே உங்களுக்குத் தெரியாது.