திலாப்பியாவுக்கு வந்த மனநிம்மதி

தண்ணீர்மலையான் துணை

ஜார்ஜ்டவுன்

அன்புத் தம்பி சிவநேசனுக்கு அக்கா துளசி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும், வீட்டுக்குப் பின்னால் தொட்டியில் இருக்கும் மிச்சத் திலாப்பியா மீன்களும் சுகம். புக்கிட் மெர்தாஜாமில் நீயும் காமினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் காமினி இரண்டு கட்டைவிரல் அனுப்பிக் கதையை முடித்துவிடுவாள். நீ செய்த உதவி கட்டைவிரலில் அடங்காது என்பதால் தாள் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து உன் அத்தானுக்கு அந்த இரண்டு கான்வாஸ் தொட்டிகள்தான் உலகம். போன தீபாவளியின்போது அடுத்த வீட்டு சபூரா அக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு உயிர்மீன் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, வலை போட்டுப் பிடித்து மாற்றியதும் பாதி மீன் தீனி எடுக்காமல் மறுநாள் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சபூரா அக்கா நல்ல மனுஷி. "பரவால்லலா. ஆனா என் மக கல்யாணத்துக்கும் இப்படிப் பண்ணிராதீங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார். அதற்கு இவர், "இந்தத் தடவையும் செத்துச்சுன்னா தொட்டியக் கழட்டி வித்துட்டு, வாய மூடிட்டு டிவி பாக்கறேன்" என்று சபதம் செய்தார். வேலையில்லாமல் நாள் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் உன் அத்தானை நீ பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் உன் தீவனக் கம்பெனியிலிருந்து, மீன் தீனியில் கலக்கும் அந்த வைட்டமின் சி பவுடரைக் கொண்டுவந்து கொடுத்தாய். மீனுக்கும் மன உளைச்சல் உண்டு, நெருக்கத்திலும் சத்தத்திலும் வலையிலும் அது பயந்து பயந்து நோயில் விழும் என்று நீ சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், மன்னித்துவிடு. பிறகு நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். வைட்டமின் சியை மனிதனைப் போலவே பெரும்பாலான மீன்களும் தம் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாதாம், தீனியில்தான் கொடுக்க வேண்டுமாம். முருகா, நம்மையும் அதையும் ஒரே குறையோடு படைத்திருக்கிறாயே என்று கண் கலங்கிவிட்டது. தைப்பூச விரதம் தொடங்கியிருந்த நேரம். வீட்டுக்குள் வரும் எந்தப் புதுப் பொருளையும் சாமி முன்னால் வைத்துவிட்டுத்தானே நான் தொடுவேன். ஆனால் பையில் இவ்வளவு பெரிய மீன் படம். விரத நாளில் அதை வேலனுக்கு முன்னால் வைக்க மனம் வராமல், பவுடரைக் கழுவித் துடைத்த எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, மூடிக்குக் குங்குமம் இட்டு, விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காலைத் தீனி அவர் பொறுப்பு. நான் விடியலிலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவேன் என்பதால், "சாமி மேடையில டப்பா இருக்கு, தினம் காலையில ஒரு கரண்டி, மறந்துராதீங்க" என்றேன். எதைச் சொன்னாலும் ஏன், எதுக்கு என்று கேட்கும் மனுஷன், "சரிம்மா" என்றார். அதையே முதல் அற்புதமாக வைத்துக்கொள்.

தம்பி, அந்தப் பவுடரை என்னவென்று புகழ்வேன். சில நாளில் மீன்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம் நிழல் பட்டாலே தொட்டியைக் கிழிப்பதுபோல் ஓடும். இப்போது உறுமி மேளம் தெருவில் போனாலும் திருப்புகழ் கேட்பதுபோல் நின்று கேட்கின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து உன் அத்தானும் திருந்திவிட்டார். முன்பு தொட்டி ஓரத்தில் நின்று போனில் கத்துவார், ஓயாமல் மூடியைத் திறப்பார், ஒரு மீனை வலையில் தூக்கிச் செவுளைப் பார்ப்பார். இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து மெல்லப் பாடிக்கொண்டே தீனி தூவுகிறார். கிளினிக்கில் அவருடைய ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதைப் பார்த்த தாதி ஏதோ கோளாறு என்று இயந்திரத்தை மாற்றி மறுபடி பார்த்தாள். இதில் சிக்கனம் வேறு. தீனியில் பவுடர் ஒட்டுவதற்காக நான் வைத்த எண்ணெய் போத்தல் கணக்குப்படி துளியும் குறையவில்லை. ஒரு சொட்டில் எப்படித்தான் பிசறுகிறாரோ என்று மெச்சிக்கொண்டேன். பால்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவாயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் வலை போட்டார். நான் அடுப்படியில் கந்தனைக் கூப்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், அவர் வலையை அவசரமில்லாமல் இறக்க, மீன்கள் அவசரமில்லாமல் வந்து சேர்கின்றன. சபூரா அக்கா வாளியோடு நின்று வாய் பிளந்தார். "என்னா துளசி, போன தடவ வாலால என் மூஞ்சியில அடிச்சுச்சுங்க. இப்ப சலாம் வச்சிட்டு வருதுங்களே."

"தம்பி குடுத்த பவுடர்க்கா."

"அத என் தம்பிக்கும் கொஞ்சம் போட்டு விடேன். கல்யாண வீட்ல சண்ட பிடிக்கறதே அவன்தான்."

ஒரு மீன்கூடச் சாகாமல் பந்தலடிவரை போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. இவ்வளவு நிம்மதியாக வளர்த்தவற்றைக் குழம்பில் பார்க்க மனம் ஒப்பவில்லை, மோர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உன் அத்தான் தொட்டியை விற்கவில்லை, மூன்றாவது தொட்டிக்கு இடம் அளந்துகொண்டிருக்கிறார். உன் கம்பெனி விஞ்ஞானிகளுக்கு என் கும்பிடு. காமினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. வேலும் மயிலும் உங்கள் வாசலில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா துளசி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், டப்பா காலியாகிவிட்டதே, மீனுக்கு இனி என்ன கலப்பது என்று உன் அத்தானிடம் கேட்டேன். "எந்த மீனுக்கு? அது உன் விரதப் பிரசாதமில்லையா? தினம் பால்ல கலக்கி நான்தானே குடிச்சேன். கொஞ்சம் மீன் வாடை அடிச்சுது, சாமி விஷயத்துல குத்தம் சொல்லக்கூடாதுன்னு முழுங்கிட்டேன்" என்கிறார். மீன்கள் பவுடரைக் கண்ணாலும் கண்டதில்லை. அவை பயந்துகொண்டிருந்தது இவருக்குத்தான் போலிருக்கிறது. இது மனிதருக்கு ஆகுமா என்று உடனே போன் போட்டுச் சொல், கடிதம் எழுதிக்கொண்டிராதே. ஆகும் என்றால் இரண்டு டப்பா அனுப்பு, சபூரா அக்காவின் தம்பி நேற்றும் சண்டை பிடித்தானாம். வாடை இல்லாத வகை இருந்தால் நல்லது.