கட்டிலுக்கு நேர் மேலே ஒரு டப்பா

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்னும். சத்தமாகச் சொன்னால் உள்ளே கேட்டுவிடும்.

அப்போது எனக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது மாவோடு மல்லுக்கட்டுவேன். ஊர் எழும்போது வீட்டுக்கு வருவேன். மூன்றாவது மாடி. முன்னறை, உள்ளறை, சமையலறை. அவ்வளவுதான் என் சமஸ்தானம். உள்ளறையில் வீட்டுக்காரியின் தையல் மிஷின். பள்ளிக்கூடச் சட்டைகளை மொத்தமாகத் தைத்துக் கொடுப்பாள். காலையில் கடகடவென்று ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும். அந்தச் சத்தத்தில் பிணம்கூட எழுந்து தண்ணீர் கேட்கும். ஆகப் பகலில் நான் தூங்க இருந்த ஒரே இடம் முன்னறை ஜன்னலோரக் கட்டில்.

அந்தக் கட்டிலில்தான் என் மச்சினன் வந்து விழுந்தான்.

வேலை தேட வந்தவன், பத்து நாள் தங்குவதாகச் சொன்னான். ஐம்பது நாள் ஆயிற்று. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பார்கள். இவன் பாயெல்லாம் கேட்கவில்லை, நேரே கட்டிலுக்கே போய்விட்டான். வேலை தேடாமலும் இல்லை. படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, மத்தியானம் வரை தேடுவான். நான் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கித் தூங்கிக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பேக்கரி முதலாளி, "யாரைய்யா எட்டி எட்டிப் பாக்கறே?" என்று கேட்டார்.

"போடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆனால் அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாளே! அவள் என் வீட்டிலேயே அல்லவா இருக்கிறாள்! அதனால் வாயை ஓரம் வைத்துவிட்டு மூளையை எடுத்தேன்.

எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் கூரையில் வெள்ளை டப்பா மாட்டியிருந்தார். புகை வந்தால் அது கத்தும். ஐம்பது நாளாக என் வயிற்றெரிச்சல் புகைந்த புகைக்கு அது எப்போதோ கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதை மாட்டின கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் அன்றைக்குப் போகிற போக்கில் சொன்னார்: "உள்ளே துளியூண்டு கதிர் வீசுற உலோகம் இருக்கு. உடைச்சு விளையாடாதீங்க." மேற்கொண்டும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்குப் பாதி போதும். மீதியை நானே பிசைந்து உருட்டிக்கொள்வேன்.

மறுநாள் காலை. மச்சினன் மல்லாந்து கிடந்தான்.

"மாப்ளே, உன் மூஞ்சிக்கு நேர் மேல என்ன இருக்கு?"

"டப்பா, அத்தான்."

"உள்ள?"

"பேட்டரி."

"பேட்டரிக்குப் பக்கத்துல?"

"என்னது?"

"கதிர்! எக்ஸ்ரே எடுக்கறவன் உன்னைப் படுக்க வெச்சுட்டு ஏன் வெளிய ஓடறான்? அந்தக் கதிர்தான். ஐம்பது நாளா உன் மேல கொட்டுது."

ஒரு கண் திறந்தது. "சும்மா சொல்லாதீங்க."

"சும்மாவா? ரெண்டு வருஷம் இதுக்குக் கீழ படுத்தவன் நான். இங்க பாரு." குனிந்து என் வழுக்கையைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தகதகவென்று மின்னியது. என் சொட்டை எங்கள் அப்பா எனக்கு எழுதி வைத்த ஒரே சொத்து. அது இந்த வகையிலாவது உதவட்டுமே!

மச்சினன் துள்ளி எழுந்தான். தலையைத் தடவினான். கையில் நாலு முடி வந்தது. அவன் சீவாத தலையில் நாற்பது வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

"உள்ரூம்ல படுத்துக்கறேன், அத்தான்."

"அங்கயும் டப்பா இருக்கு, மாப்ளே." குரலில் சோகத்தைத் தடவினேன். "இந்த வீட்டுல உனக்குப் பாதுகாப்பே இல்ல."

அவன் பெட்டியை எடுத்தான். சட்டையை மடித்தான். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஆகா, என்ன சுகம்! காலைத் தூக்கி மேலே வைக்கப் போனேன்.

உள்ளே தையல் மிஷின் நின்றது.

மிஷின் ஓடினால் எனக்குத் தூக்கம் போகும். மிஷின் நின்றால் உயிரே போகும். வாயில் கவ்விய நூலோடு வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"என்னங்க, எந்திரிங்க! அதுல போய் உக்காரலாமா?"

"எனக்குப் பழகிப்போச்சும்மா."

"கதிரும் பழகுமா?"

"நான் வெந்த ரொட்டி. இனிமே என்னை எது வேக வைக்கும்?"

"எனக்கு இருக்கறது ஒரே புருஷன்" என்றாள். கண்ணில் ஈரம்கூட இருந்தது. நான் உருகிப்போனேன். உருகியிருக்கக் கூடாது. "இருங்க. கீழ்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் கேப்போம்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் படியில் இறங்கிவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். டப்பாவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மச்சினன் கதவுக்குப் பின்னால் போனான்.

"பயப்படாதீங்க தம்பி. உள்ள ஒரு சின்ன அறை. அந்தத் துளி உலோகத்தோட கதிர் பட்டு, அங்க இருக்கற காத்துல மெல்லிசா மின்சாரம் ஓடிக்கிட்டே இருக்கும். புகை நுழைஞ்சா அந்த ஓட்டம் குறையும். குறைஞ்சதும் கத்தும். அவ்வளவுதான் இதோட வேலை."

"அந்தக் கதிர் தலைமேல கொட்டாதா?"

"ஒரு காகிதத்தைக் கூட அதால தாண்ட முடியாது. டப்பாவைத் தாண்டி, கூரையிலேருந்து இறங்கி, உங்க முடியையா புடுங்கப் போகுது? உடைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. மத்தபடி ஒண்ணும் செய்யாது. என் பொண்ணு தூங்கற தொட்டில் ரூம்லயும் இதுதான் இருக்கு."

மச்சினன் பெட்டியைக் கீழே வைத்தான். நான் விடுவேனா?

"மாட்டினவர் நல்லாயில்லன்னா சொல்லுவாரு?" என்றேன். "எந்த பேக்கரிக்காரன் தன் ரொட்டியைப் பழசுன்னு சொல்லியிருக்கான்? என் தலையே சாட்சி!"

வீட்டுக்காரி சுவரைப் பார்த்தாள். சுவரில் எங்கள் கல்யாண போட்டோ. அதிலும் என் தலை அதே தகதகப்போடுதான் இருந்தது. எலக்ட்ரீஷியன் பார்த்தார். மச்சினனும் பார்த்தான். டப்பாவுக்கும் கண் இருந்தால் பார்த்திருக்கும்.

"என்னங்க," என்றாள், தேன் சொட்டுகிற குரலில். "நீங்க நெஜமாவே நம்பித்தான் சொன்னீங்களா? இல்ல, எந்தம்பியைத் துரத்தறதுக்கு…"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஆண்பிள்ளை என்ன சொல்வான்?

"சத்தியமா நம்பறேன்."

"அதானே! நீங்க அப்படிப்பட்டவரா?" எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தம்பிக்குப் பயம் போயிடுச்சு. இவருக்குப் போகல. பாவம். இந்த வீட்டுல டப்பா இல்லாத இடம் எது?"

"சமையல்கட்டு மட்டும்தான்மா. அங்க மாட்டினா வெங்காயம் வதக்கினாக்கூடக் கத்தும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறேன். எனக்குப் பூதமே ஏணி வைத்து இறங்கி வந்தது.

"எனக்கு… எனக்கு இப்போ அவ்வளவு பயமில்லம்மா."

"உங்க பயத்தை எனக்காக மறைக்காதீங்க. எங்களுக்காக ரெண்டு வருஷம் தாங்கினது போதும்."

சொல்லிக்கொண்டே என் தலையணையை எடுத்தாள். மச்சினனுக்கு அன்றைக்கென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. பாயைச் சுருட்டிச் சமையலறைக்குக் கொண்டுபோய், அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் விரித்தான். திரும்பி வந்து கட்டிலில் ஏறி மல்லாந்தான். எலக்ட்ரீஷியன் டப்பாவை அவனுக்கு நேர் மேலே திருகி மாட்டிவிட்டு, சிரிப்பை ஏணியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

நான் பாயில் படுத்தேன். காலை நீட்டினால் பாத்திரம். மடக்கினால் சிலிண்டர். ஆனாலும் சொல்கிறேன், நான் தோற்கவில்லை. நாற்காலி நாற்காலிதான், பாய் பாய்தான். ஐம்பது நாளைக்குப் பிறகு முதுகு தரையைப் பார்த்தது. மிஷின் சத்தமும் இங்கே கொஞ்சம் குறைவு. சரி, தூங்கிவிடலாம் என்று கண்ணை மூடினேன்.

வளையல் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி என்னைத் தாண்டிப் போய்ச் சட்டியை ஏற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என்னம்மா அது?"

"தம்பிக்குக் கறி வேகுது. ரெண்டு மணி நேரம் ஆகும். நான் தைக்கணும், இந்தப் பக்கம் வர முடியாது." போர்வையை என் கழுத்துவரை அன்பாக இழுத்துவிட்டாள். "இங்க டப்பா இல்ல பாருங்க. அடிப்பிடிச்சுப் புகை வந்தா நீங்க கத்துங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போய் மிஷினை மிதித்தாள்.