நேர்க்கழுத்துக்காரி

கீ...ச்ச்ச்!

கிள்ளைபுரி அரசுப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் எண்ணூறு கிளிகள் ஒரே மூச்சில் அலறின. சமையற்கட்டில் பால் பாத்திரம் கவிழ்ந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு அறைக்கு ஓடினார்கள். அரண்மனையில் ஓர் ஆணை பிறந்தால் கிள்ளைபுரியில் எப்போதும் இப்படித்தான். முதலில் அலறல், பிறகு அறிவிப்பு.

"தனிமை நிவாரணச் சட்டம், மூன்றாம் திருத்தம்!" என்றன கிளிகள். "இரண்டு கிளிகள் வழங்கப்பட்டும் தனிமை நீங்காத மாணவர்கள், வரும் பௌர்ணமியன்று பட்டமளிப்பு அவைக்கு வர வேண்டும். அங்கிருந்தே கிளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லப்படுவர். அங்கே ஆளுக்கு ஒன்பது கிளிகள். சிகிச்சை முடியும்வரை வெளியே வர அனுமதி இல்லை. மன்னர் வாழ்க!"

அதன்பின் பெயர்ப் பட்டியல். பதினான்காவது பெயர் தேமொழி.

இருபத்தேழாம் எண் அறையில் பூவரசி கையிலிருந்த ஓலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருந்த தேமொழியைப் பார்த்தாள். தேமொழியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இரண்டு தோளிலும் இரண்டு கிளிகள். தன் பெயர் தன் காதருகிலேயே வாசிக்கப்பட்டதை அவள் கேட்டாளா என்பதே சந்தேகம்.

"ஏய், உன் பேரைச் சொன்னாங்கடி" என்றாள் பூவரசி.

தேமொழியின் வலத்தோள் கிளி பதில் சொன்னது: "நலமே! நலமே!"

கிளிகள் வந்து மூன்று வருடம் ஆகிறது. கல்வியில் கிள்ளைபுரியை முதலிடத்துக்குக் கொண்டுவரும் திட்டம் என்று சொல்லி, மாணவர் ஒவ்வொருவருக்கும் அரண்மனை ஒரு கிளியை இலவசமாகக் கொடுத்தது; பிறகு ஆசிரியர், காவலர், அமைச்சர் வரைக்கும் ஆளுக்கொன்று. சாதாரணக் கிளி அல்ல. ஒரு கிளி கேட்டதை மற்ற எல்லாக் கிளிகளும் சொல்லும். யார் என்ன சேலை கட்டினாள், யார் யாரோடு ஊஞ்சலாடினாள், எந்த ஊரில் யானைக்கு மதம் பிடித்தது, எல்லாம் காதோடு வந்து விழும். நடுநடுவே, "இன்று உன்னைப் பதினேழு பேர் புகழ்ந்தார்கள்" என்று ஒரு கொஞ்சல். மறுநாள், "இன்று உன்னை ஒருவருமே கேட்கவில்லை" என்று ஒரு குத்தல். கொஞ்சலுக்காக ஏங்கியவர்கள் குத்தலுக்குப் பயந்து, கிளியை இறக்கி வைப்பதையே மறந்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து இலைக்காரியிடம் உப்புக் கேட்கக் கிளியை அனுப்பினார்கள். கிளி போகிற வழியில் நாலு சங்கதி பேசிவிட்டு உப்பைக் கேட்பதற்குள் ரசம் ஆறி, மோரும் முடிந்திருக்கும். பரீட்சையில் பாதிப் பேர் தேறவில்லை. உடனே அரண்மனை, பாடங்களையும் கிளிகளே நடத்தட்டும் என்றது. கிளிகள் ராத்திரியெல்லாம் பேசியதால் யாருக்கும் தூக்கம் இல்லை. வகுப்பு நேரம் தூங்கும் நேரமாக அறிவிக்கப்பட்டது. கிளிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எல்லோர் கழுத்தும் இடப்பக்கம் சாய்ந்து, கண் தரையைத் தாண்டி எழாமல் போயிற்று. அரண்மனை வைத்தியர்கள் கூடி ஆராய்ந்து, அதற்கு 'ஞானச் சாய்வு' என்று பெயர் சூட்டினார்கள். கட்டடங்களின் நிலைப்படிகள் எல்லாம் சாய்வாக மாற்றிக் கட்டப்பட்டன.

விடுதியில் பூவரசியின் கழுத்து மட்டும் நேராக இருந்தது. அதில் அவளுடைய சாமர்த்தியம் எதுவும் இல்லை. கிளி கொடுத்த வாரம் அவள் அம்மை போட்டு ஊரில் படுத்திருந்தாள். திரும்பி வந்து விண்ணப்பம் கொடுத்தாள்; அலுவலகம் தொலைத்தது. மறுபடி கொடுத்தாள், மறுபடி தொலைத்தது. மூன்றாவது விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்த நாளில்தான், அதுவரை விடுதியே அதிரச் சிரித்துக்கொண்டிருந்த தேமொழி சிரிப்பை நிறுத்திவிட்டாள் என்பது அவளுக்கு உறைத்தது. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள்.

தேமொழி சாதாரண வாய்க்காரி அல்ல. குளியலறை வாளி ஓட்டை என்று விடுதிக் காப்பாளரோடு ஒரு மணி நேரம் வாதாடி, புது வாளி வாங்கியதோடு நிற்காமல் பழைய வாளிக்கு மன்னிப்பும் கேட்க வைத்தவள். அந்த வாய் திறந்து இப்போது இரண்டு மாதம். சோறு உள்ளே போகத் திறக்கும், அவ்வளவுதான்.

பூவரசி மனநூல் துறை ஆய்வு மாணவி. 'கிளிப் பழக்கமும் மாணவர் தனிமையும்' என்பதுதான் அவள் தலைப்பு. அறிவிப்பு வந்த அன்றே ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு கல்வி அமைச்சர் நாவலங்கோவின் மாளிகைக்குப் போனாள். சாய்ந்த நிலைப்படியில் தலை நங்கென்று இடித்தது.

அமைச்சர் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை; அவரால் இறங்க மட்டுமே முடியும். அவள் கால்விரல்களைப் பார்த்துப் பேசினார்.

"பெண்ணே, உமது ஆய்வை யாம் அறிவோம். கிளி கூடினால் தனிமை கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்."

"ஆமாங்கய்யா. கிளியோட அதிக நேரம் இருக்கிறவங்கதான் அதிகத் தனிமையா இருக்காங்க."

"எமது அறிஞர்களும் அதையே கண்டனர். ஆனால் சரியாகப் படித்தனர். தனிமையாக இருப்போர்தாம் கிளியை அதிகம் நாடுகின்றனர். ஆகவே கிளி மருந்து. மருந்து போதாவிட்டால் என் செய்வது?"

"நிறுத்திப் பார்க்கலாங்கய்யா."

"அளவைக் கூட்டுவது!" என்றார் அமைச்சர், மகிழ்ச்சியோடு. "மேலும், மாணவர் அனைவரிடமும் நல விசாரிப்பு நடத்தினோம். நூற்றுக்கு நூறு பேர் 'நலமே' என்றனர்."

"அதைச் சொன்னது கிளிங்கய்யா."

"வேறு யாரிடம் கேட்பதாம்?" அமைச்சர் உண்மையிலேயே வியந்தார்.

பூவரசி வெளியே வந்தாள். மறுபடி தலை இடித்தது. பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். சட்டம் வரும் முன்பே சோதனைக்கென்று கிளிக்கூடம் அனுப்பப்பட்ட பதினொரு பேரில் ஒருத்தியை அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். சொந்தத் தங்கை வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, அந்தப் பெண்ணின் ஒன்பது கிளிகளும் ஒன்பது விதமாக 'நலமே' என்றன. அவள் திரும்பவே இல்லை.

தேமொழியை அங்கே அனுப்புவதில்லை. பூவரசி முடிவு செய்தாள்.

விடுதிச் சமையற்கட்டில் போய் ஒரு படி புளியங்கொட்டை கேட்டு வாங்கினாள். அறைக்கு வந்ததும் தேமொழியின் இரண்டு கிளிகளையும் தூக்கி வெளியே தாழ்வாரக் கம்பியில் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கொட்டையை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

ஒன்பதாவது கொட்டைக்கு தேமொழி எழுந்து கதவை இடித்தாள்.

"ஒன்பது" என்று ஓலையில் எழுதிக்கொண்டு பூவரசி கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் பதினைந்து. அடுத்த நாள் பன்னிரண்டு. நாலாம் நாள் தேமொழி அவள் கையைக் கடித்தாள்.

"கடிச்சுக்கோடி. பல்லுக்காவது வேலை கிடைக்கட்டும்" என்றாள் பூவரசி, கையை உதறிக்கொண்டே. "நாளைக்கும் எண்ணுவேன்."

எண்ணினாள். ஆறாம் நாள் முப்பது. ஏழாம் நாள் கிளிகளைக் காணாமல் தேமொழியின் உடம்பு நடுங்கி வியர்த்தது. பூவரசி கொட்டை போடுவதை விட்டுவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாயாலேயே எண்ணினாள். நாற்பத்தெட்டு. அன்றுதான் அவளுக்குப் புரிந்தது: கொட்டை வேண்டாம், கைதான் வேண்டும். ஒன்பதாம் நாள் அறுபத்தைந்து. எழுபதைத் தாண்டிய அன்று தேமொழியின் கழுத்து ஒரு நெல்லளவு நிமிர்ந்து மறுபடி சாய்ந்தது. தொண்டையிலிருந்து 'க்ர்ர்' என்று ஒரு சத்தம், வருடக்கணக்காகத் திறக்காத பெட்டியின் கீல் மாதிரி.

"என்னடி சொல்ற? திட்டுறியா? நல்லாத் திட்டு!" என்று பூவரசி சத்தமாகச் சிரித்தாள். தேமொழி சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை எண்பத்தொன்று. அதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

நோயாளியோடு ஒருவர் துணைக்கு வரலாம் என்று சட்டத்தில் இருந்தது. அந்தத் துணை யாரென்று சட்டம் சொல்லவில்லை. "நேர்க்கழுத்துக்காரியா?" என்று காவலர் தயங்கினார். "சட்டத்துல இருந்தா காட்டுங்கண்ணே" என்றாள் பூவரசி. அவர் தம் கிளியைக் கேட்டார். கிளி யானைக்கு மதம் பிடித்த கதையைச் சொன்னது. விட்டுவிட்டார்.

பட்டமளிப்பு மண்டபத்துக்குள் பூவரசி நுழைவது அதுவே முதல்முறை. நேர்க்கழுத்தர்களை இந்த மூன்று வருடத்தில் யாரும் உள்ளே விட்டதில்லை. இரண்டாயிரம் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள், இரண்டாயிரம் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றில் படுத்த நெல்வயல் போல. ஆசிரியர்கள், அதிகாரிகள், அமைச்சர்கள், எல்லோர் கண்ணும் தரையில். எதிரே ஏழு படி உயரத்தில் அரச மேடை. அதன் உச்சியில் தங்கத் தண்டின் மேல் மன்னரின் பொற்கிளி.

பூவரசி தலை நிமிர்த்தி மேடையைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி நன்றாகப் பார்த்தாள். தவறில்லை.

"மன்னர் பேசுகிறார்!" என்று அமைச்சர் நாவலங்கோ முழங்கினார்.

"மகிழ்ச்சி, மகிழ்ச்சி! என் பிள்ளைகளே, உங்கள் தனிமை என் தனிமை" என்றது பொற்கிளி. இரண்டாயிரம் கிளிகள் அதைத் திருப்பிச் சொன்னதில் மண்டபம் அதிர்ந்தது. "நோயாளிகள் வருக!"

பதினான்காவதாகத் தேமொழி. பூவரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். மேடையில..."

"நிறுத்தும்!" என்றார் அமைச்சர், அவள் கால்விரல்களை அடையாளம் கண்டுகொண்டு. "உமது கழுத்து நேரானது. நேர்க்கழுத்தர் கண்டது காட்சியாகாது, சொன்னது சாட்சியாகாது. சட்டம், நான்காம் பிரிவு."

"சரிங்கய்யா. நான் சொல்லல. ஞானச் சாய்வு உள்ளவங்க சொன்னா?"

"அது சாட்சி. மறுக்க முடியாத சாட்சி."

"இவளுக்கு ரெண்டு கிளி. ரெட்டைச் சாய்வு. இவ சொன்னா ஒத்துக்குவீங்களா?"

அமைச்சர் சட்டத்தை மனத்துக்குள் புரட்டினார். "ஏற்பதில் தடையேதும் இல்லை. சொல்லட்டும். மன்னரை வாழ்த்தியே சொல்வாள்."

பூவரசி தேமொழியின் வலத்தோள் கிளியைத் தூக்கிப் பக்கத்துக் காவலர் தலைப்பாகையில் வைத்தாள். இடத்தோள் கிளியை அமைச்சர் தோளில் வைத்தாள். புதுக் கிளி கிடைத்த மகிழ்ச்சியில் அமைச்சர் அதன் பக்கம் காதைச் சாய்த்துவிட்டார். அவரிடமிருந்து இனித் தொந்தரவு இல்லை.

"ஒண்ணு" என்றாள் பூவரசி, தேமொழியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு. "ரெண்டு. மூணு."

இருபதில் தேமொழியின் உதடு துடித்தது. நாற்பதில் கையை உருவப் பார்த்தாள். "விட மாட்டேன்டி, நாற்பத்தொண்ணு." பொற்கிளி கீச்சிட்டது: "பிரிக்காதே! பிரிக்காதே!" இரண்டாயிரம் கிளிகளும் கீச்சிட்டன. அறுபதில் தேமொழி கீழே சரிந்தாள். பூவரசியும் கூடவே தரையில் உட்கார்ந்தாள். தன் எண்ணிக்கை தனக்கே கேட்கவில்லை. கத்தினாள். "எழுபத்தஞ்சு!" தொண்டை கிழிந்தது. "எண்பது!"

எண்பத்தொன்றைத் தாண்டியது.

தொண்ணூற்றைந்தில் பூவரசிக்கு இருமல் பிடித்து எண்ணிக்கை அறுந்தது. முன்வரிசையில், தோளில் கிளியோடு நின்ற ஒரு பெண், யாரும் சொல்லாமல், கிளியைக் கேட்காமல், மெல்ல முணுமுணுத்தாள்: "தொண்ணூத்தி ஆறு." இன்னொருத்தி, "தொண்ணூத்தி ஏழு." அந்தக் குரல்கள் கரகரவென்று, முதல்முறை பேசுகிற குழந்தைகளுடையதுபோல் இருந்தன.

நூறு.

தேமொழியின் கழுத்தில் மளுக்கென்று ஒரு சத்தம். தலை மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்தது. முதலில் பூவரசியின் முழங்காலைப் பார்த்தாள். பிறகு பல் பதிந்த தழும்புள்ள அவள் கையை. பிறகு அவள் முகத்தை. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள், தெரிந்த முகம்தானா என்று பார்ப்பவள்போல. பிறகு அந்தப் பார்வை பூவரசியின் தோளைத் தாண்டி மேலே போனது. ஒரு படி, இரண்டு படி, ஏழு படி.

பூவரசி கையை விடாமல் சற்றே ஒதுங்கி உட்கார்ந்தாள்.

தேமொழி வாயைத் திறந்தாள். பழைய குரல், வாளிக்காக விடுதியையே அலற வைத்த அதே குரல், மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஏன்டி பூவு, சிம்மாசனத்துல யாருமே இல்லையே... அப்ப மூணு வருஷமா நம்மளை ஆண்டது யாரு?"