பத்தில் ஒன்றின் பதவி உயர்வு

வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மக்களுக்குத் தெரிவிப்பது என்று செய்தித் துறை முடிவு செய்தது. முந்தைய வெள்ளங்களில் மக்கள் தாங்களாகவே ஏதேதோ செய்து தப்பித்திருந்தார்கள். அது முறையல்ல என்று துறை கருதியது. ஊருக்கு மேலே ஒரு பழைய அணை இருந்தது. ஆகவே திரையரங்குகளில் காட்ட ஒரு குறும்படம் எடுக்கப்பட்டது. சங்கு ஊதினால் உயரமான இடத்துக்குப் போங்கள், தரை அதிர்ந்தால் சங்குக்காகக்கூடக் காத்திருக்காதீர்கள். படத்தின் சாரம் இவ்வளவுதான். இதைத் திரையில் தோன்றிச் சொன்னவர் துறையின் இணை இயக்குநர்.

ஒலிக்கலவை செய்தவர் பல வருடங்களாகத் தற்காலிக ஊழியர். இந்தப் படம் ஒப்புதலானால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அதைத்தான் சொல்வார்கள் என்றாலும், இந்த முறை சொன்னவர் எழுந்து நின்று சொன்னார். வீட்டில் மனைவி அதை நம்பி ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

இணை இயக்குநர் கலவை அறைக்கு வந்தபோது கணினித் திரையில் ஐந்து பச்சைக் கோடுகள் குதித்துக்கொண்டிருந்தன. ஆறாவது படுத்துக் கிடந்தது.

“அது ஏன் வேலை செய்யல?”

“அது அடி ஒலிக்கான தடம் சார். இடி, வெடி, மலை சரியறது, அந்த மாதிரி ஏதாவது வந்தாத்தான் எழுந்திருக்கும்.”

“நம்ம படத்துல?”

“ஆரம்பத்துல ஒரு இடி இருக்கு சார்.”

“மிச்ச நேரம்?”

“சும்மா இருக்கும்.”

அந்த அலுவலகத்தில் சும்மா இருப்பது குற்றமல்ல. பிறர் பார்க்கும்படி இருப்பதுதான் குற்றம்.

இணை இயக்குநர் மூலையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய ஐந்து ஒலிபெருக்கிகளும் சின்னவை. ஆறாவது, படுக்கவைத்த பீரோ மாதிரி தரையில் கிடந்தது.

“இதுக்கு என்ன கணக்கு?”

“மொத்தத்தை அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு சொல்லுவோம் சார். இதுதான் அந்தப் புள்ளி ஒண்ணு.”

“பத்துல ஒண்ணா? இருக்கறதுலயே பெரிய பெட்டி. யாரு போட்ட கணக்கு இது?”

“உலகம் பூரா அப்படித்தான் சார்.”

“உலகத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்ல. கணக்குத் தணிக்கைக்குச் சொல்லணும். என் குரல் எதுல வருது?”

“நடுப் பெட்டியில சார். பேச்சு அதுலதான் வைப்போம்.”

“அந்தச் சின்னதுலயா?”

“ஆமா சார்.”

“பெரிசுக்கு மாத்துங்க.”

“அதுல பேச்சு நிக்காது சார். சொல்லெல்லாம் வடிஞ்சு போய் வெறும் அதிர்வுதான் மிஞ்சும்.”

“மிஞ்சட்டும். சொன்னது புரிஞ்சா ஜனங்க சந்தேகம் கேப்பாங்க. அதிர்ந்தா கேக்க மாட்டாங்க.”

“நடுவுலயும் கொஞ்சம் வெச்சுக்கவா சார்?”

“ஒரே ஆள் ரெண்டு நாற்காலியில உக்காரக் கூடாதுங்க.”

கலவையாளர் திரைச்சீலையை நினைத்துக்கொண்டார். மாற்றினார்.

ஒப்புதல் குழுவுக்குப் படம் காட்டப்பட்டது. இணை இயக்குநர் வாயைத் திறந்ததும் கதவுகள் நடுங்கின, கோப்பைகளில் தேநீர் வட்டம் போட்டது. படம் முடிந்தபின் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கண்ணை மூடி, “ஆழம்” என்றார்.

ஓர் உறுப்பினர் மட்டும், “என்ன சொல்றாருன்னு…” என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “…தனியாச் சொல்லவே வேண்டியதில்ல” என்று ஆரம்பித்தவரே முடித்துக்கொண்டார்.

கலவையாளர் நிரந்தரமானார்.

மற்றத் துறைகள் பொறாமைப்பட்டன. மின்தடை அறிவிப்பும் வரி அறிவிப்பும் அடி ஒலிக்கு மாறின. அதிகாரிகள் தாடையை நெஞ்சில் புதைத்துப் பேசப் பழகினார்கள். ஊர்ச் சங்கு கீச்சென்று கத்துவது அரசின் கண்ணியத்துக்குக் குறைவு என்று அதையும் அடி ஒலியாக்கினார்கள். படம் தொலைக்காட்சிக்கும் வந்ததால் வசதியானவர்கள் வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டி வாங்கினார்கள். பெட்டி இல்லாத வீடுகளில் தொலைக்காட்சி அந்தத் தடத்தையே ஒதுக்கிவிட்டதால் இணை இயக்குநர் வாயை மட்டும் அசைத்தார். அங்கேயும் புகார் இல்லை. அரசுப் படம் இவ்வளவு இதமாக இருந்ததில்லை என்றார்கள்.

“மாமா, உங்க படம் வந்தப்ப எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி கழண்டு விழுந்துடுச்சு” என்று கலவையாளரிடம் அவர் மச்சினன் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

“அந்த ஆளு அதுல என்னதாங்க சொல்றாரு?” என்று மனைவி கேட்டாள்.

“தரை அதிர்ந்தா மேல ஓடணும்னு.”

“அப்படியா. நான் ஏதோ வரவேற்புரைன்னு இருந்தேன்.”

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் இருவரும் பகல் காட்சிக்குப் போனார்கள். முதலில் துறையின் படம் ஓடியது. தரை அதிர்ந்தது. ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள். படம் முடிந்து திரை வெளுத்தது. அதிர்வு நிற்கவில்லை. தலையாட்டலும் நிற்கவில்லை.

“படம்தான் முடிஞ்சிடுச்சே. இன்னும் என்னவாம்?” என்றாள் மனைவி.

கலவையாளர் நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “இது நம்ம பெட்டி இல்ல. நம்ம பெட்டிக்கு இவ்வளவு அடி வராது.”

எழுந்து நின்றார். “அணை போயிடுச்சு. எல்லாரும் மேல போங்க. வலது பக்கம் படிக்கட்டு இருக்கு.”

“உக்காருங்க சார்” என்றது பின்வரிசை. “துறை பேசிட்டிருக்கு.”

“நான் துறைதாங்க. நிரந்தரம்.”

முன்வரிசைக்காரர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க சொல்றது தெளிவாப் புரியுதே. அப்புறம் எப்படித் துறையா இருப்பீங்க?”

அரங்கம் சிரித்தது. மனைவி அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பாதிப் படியில் அவர் திரும்பிப் பார்த்தார். கதவுக்கு அடியிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதையும் படத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டு, ஜனங்கள் பணிவாகக் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.